2 நிமிட ஓ.பி., 24 மணி நேரப் பாடம்

சர்க்கரை நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பதால் அவருடைய சர்க்கரை உண்மையிலேயே இறங்குகிறதா? இந்தக் கேள்விக்கு 2002-இல் ஓரளவு தெளிவான விடை கிடைத்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சூசன் நோரிஸும் அவருடைய குழுவினரும் அதுவரை நடந்திருந்த 31 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். பாடம் முடிந்த கையோடு பார்த்தபோது, பாடம் கேட்டவர்களின் எச்பிஏ1சி மற்றவர்களைவிட 0.76 புள்ளி குறைந்திருந்தது. நான்கு மாதமோ அதற்கு மேலோ கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் 0.26 ஆகச் சுருங்கிவிட்டது. நம் ஊரில் ‘மூணு மாச சுகர்’ என்று சொல்லப்படும் பரிசோதனைதான் எச்பிஏ1சி. அதில் முழுதாக ஒரு புள்ளி குறைய வேண்டுமானால் நோயாளியோடு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். 23.6 மணி நேரம்.

ஒரு புள்ளிக்கு இத்தனை மெனக்கெடலா என்று தோன்றலாம். 1977 முதல் 1997 வரை பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வில், எச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ணிய ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. டயாலிசிஸ் வார்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் எடை தெரியும்.

இனி அந்த 23.6 மணி நேரத்தை நம் ஓ.பி.க்குக் கொண்டுவருவோம். மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தை நாடு நாடாக ஒப்பிட்ட தொகுப்பாய்வு ஒன்று 2017-இல் வெளியானது. வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். இந்தியாவுக்கு அதில் கிடைத்த எண் 2 நிமிடத்தை ஒட்டியது. மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருபவருக்கு ஒவ்வொரு முறையும் முழுசாக 2 நிமிடம் கிடைக்கிறது, அந்த 2 நிமிடமும் பாடத்துக்கே போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 23.6 மணி நேரம் சேர 59 ஆண்டுகள் ஆகும். நாற்பது வயதில் சர்க்கரை இருப்பது தெரிந்தவர் 99 வயதில் பாடத்தை முடிப்பார்.

மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அவரால் மருந்துச் சீட்டு எழுத முடியும். “சோத்தைக் குறைங்க, நடங்க” என்று ஒரு வரி சொல்ல முடியும். அந்த ஒரு வரியைத்தான் நாம் நோயாளிக் கல்வி என்று இத்தனை காலமாகக் கணக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர், அவர் பெயரும் வீட்டு நிலவரமும் தெரிந்தவர், அவர் கையைப் பிடித்து ஊசி போடச் சொல்லித்தரக்கூடியவர் செவிலியர் ஒருவர்தான். அவருடைய நேரத்தை நாம் எதற்குச் செலவிட வைக்கிறோம் என்பதில்தான் சர்க்கரை நோய்த் தடுப்பின் பாதிக் கதை இருக்கிறது.

செவிலியருக்கு இந்த வேலை புதிதில்லை. இன்சுலின் கண்டுபிடிப்பின் கதையை டொரான்டோவின் பான்டிங், பெஸ்ட் ஆகியோரோடு நிறுத்திவிடுகிறோம். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்ஸன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது எல்லாப் பாடப் புத்தகத்திலும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட் 7-இல் பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜாஸ்லின் தன்னுடைய நோயாளிகளில் முதன்முதலாக ஒருவருக்கு இன்சுலின் போட்டார். அந்த நோயாளி எலிசபெத் மட்ஜ் என்ற செவிலியர். ஐந்தாண்டுகளாகச் சர்க்கரை நோயோடு பட்டினிச் சிகிச்சையில் எலும்பும் தோலுமாக இருந்தவர். ஊசி அவரை எழுப்பி உட்கார வைத்தது. இன்சுலினுக்கு முன்னால் சர்க்கரை நோய்க்கு நீண்ட காலச் சிகிச்சை என்று ஒன்று பெரிதாக இருக்கவில்லை. நோயாளி அத்தனை காலம் பிழைத்திருக்கவில்லை. இன்சுலின் வந்த பிறகு, தினமும் தானே அளந்து, தானே குத்திக்கொண்டு, சாப்பாட்டையும் தானே கணக்கிடும் ஒரு புதுவகை நோயாளி உருவானார். மருத்துவமனைக்கு வெளியே, சமையலறையில், மருத்துவர் கண்ணில் படாமல் நடக்கும் சிகிச்சை அது. அதைச் சொல்லிக்கொடுக்க ஜாஸ்லின் செவிலியர்களைப் பயிற்றுவித்து நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பினார். ‘அலையும் செவிலியர்’ என்று அவர்களுக்குப் பெயர். நோயாளியின் வீட்டிலேயே தங்கி, அந்த வீட்டு அடுப்பில் வேகும் உணவை வைத்தே பாடம் நடத்தினார்கள்.

சென்னையிலும் இந்த வரலாறு சீக்கிரமே தொடங்கியது. எம். விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே எழுப்பினார். ஆனால் நம் அரசு அமைப்பில் சர்க்கரை நோய்க்கென்று செவிலியரைத் தனியாக வைக்கும் யோசனை வர அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

செவிலியர் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதைப் பொதுப்படையாகப் பேசினால் விஷயம் விளங்காது. ஊசியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கும் இன்சுலின் குப்பியில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். கடையில் வாங்கும் பேனா ஊசிகளின் குழலில் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. காலையில் 20 யூனிட் போட வேண்டிய ஒருவர் சிவப்பு மூடி சிரிஞ்சு தீர்ந்துபோய், மெடிக்கலில் கொடுத்த ஆரஞ்சு மூடியில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 8 யூனிட்தான். ஒரு வாரம் கழித்து ஓ.பி.க்கு வரும்போது சர்க்கரை 300-ஐத் தாண்டி நிற்கும். மருத்துவர் அளவைக் கூட்டி எழுதுவார். அடுத்த மாதம் பழைய சிவப்பு மூடி கிடைக்கும். கூட்டி எழுதிய அளவு அப்படியே உள்ளே போகும். ஆள் மயங்கி விழுவார். மாறாக, 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 50. இந்தத் தவற்றை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. “நீங்க வீட்ல எப்படிப் போடுறீங்களோ அப்படியே என் முன்னால போட்டுக் காட்டுங்க” என்று ஒருவர் கேட்டால் மட்டுமே வெளியே வரும். அதற்குப் பத்து நிமிடம் வேண்டும்.

பெரும்பாலும் கொடுக்கப்படுவது 30/70 கலவை இன்சுலின். பால்போல் கலங்கலாக இருக்கும். சற்று நேரம் வைத்தால் அடியில் தங்கிவிடும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே குப்பியை மெல்ல உருட்டிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். குலுக்கக் கூடாது. உருட்டாமல் இழுப்பவருக்கு ஒரு நாள் ஒரு மருந்தும் மறுநாள் வேறு மருந்தும் போகிறது. பிறகு, ஊசி குத்தும் இடம். வலிக்காத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து ஆண்டுக்கணக்கில் அங்கேயே குத்திக்கொள்பவர்கள் ஏராளம். அந்த இடத்தில் கொழுப்புத் திரண்டு கட்டிபோல் ஆகிவிடும். வலி குறைவாக இருப்பதே அதனால்தான். அங்கே போடும் மருந்து ரத்தத்தில் ஒழுங்காகச் சேராது. வயிற்றைக் கையால் தடவிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சீட்டைப் பார்த்துத் தெரியாது.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது? நம் செவிலியர்கள் சொல்லும் பதில் மண்பானை. தண்ணீர் தெளித்த மணலில் பானையை வைத்து, குப்பி நனையாமல் உள்ளே. இது ஏதோ கிராமத்து ஒப்பேற்றல் என்று நினைத்தவர்களுக்கு 2021-இல் பதில் வந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் தகஹலே அகதி முகாமின் வெப்பநிலையை வைத்துச் சோதித்து, 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் இருந்தாலும் இன்சுலினின் வீரியம் குறைவதில்லை என்று காட்டினார்கள். ஃபிரிட்ஜ் இல்லை என்பதற்காக ஊசி வேண்டாம் என்று ஒதுங்கும் குடும்பத்திடம் தெம்பாகச் சொல்ல வேண்டிய செய்தி இது. வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள் வைக்காமல் இருந்தால் போதும்.

அடுத்தது ‘லோ சுகர்’. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி. மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எளிய பாடம்தான். ஆனால் சுகர் பேஷண்ட் இருக்கும் வீட்டில் சர்க்கரை டப்பாவை முதலில் ஒளித்துவைப்பது வழக்கம். இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டும்போது மருமகள் டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பாள். கையில் கிடைப்பது சர்க்கரை இல்லாத பிஸ்கட். வயதானவர்களுக்கு நடுக்கம்கூட வராது. சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், கோபப்படுவார்கள். ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுவார்கள். அதனால் இந்தப் பாடத்தை நோயாளிக்கு மட்டும் நடத்துவதில் அர்த்தமில்லை. வீட்டில் சமைப்பவர், கூடத் தூங்குபவர் எல்லோரும் மாணவர்கள். ஒருமுறை லோ சுகரில் பயந்தவர் பிறகு ஊசியைத் தானாகவே குறைத்துக்கொள்வார். மருத்துவரிடம் சொல்லமாட்டார். சிஸ்டரிடம் சொல்வார், அதுவும் கேட்டால்.

அவர்கள் சிஸ்டரிடம் சொல்வதெல்லாம் கேட்கத் தகுந்தவை. “ஊசி ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் போடணுமாமே?” “சுகர் நார்மலுக்கு வந்துடுச்சுன்னு மாத்திரைய நிறுத்திட்டேன்.” “டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் கஞ்சிதான் குடிச்சேன், டாக்டர் திட்டக் கூடாதுல்ல.” கடைசி ஆள் பொய் சொல்லவில்லை. பரிசோதனையைத் தேர்வாக எடுத்துக்கொண்டு அதற்குப் படித்துவிட்டு வந்திருக்கிறார். மூணு மாச சுகர் பரிசோதனை இந்தத் தந்திரத்துக்கு மசியாது என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

காலைப் பற்றிய பாடத்துக்குத் தமிழ்நாட்டில் ஓர் ஆழமான வேர் உண்டு. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் பாதம் அழுகுவது நோய்க்கிருமியால் நேரடியாக நடப்பதில்லை, வலி தெரியாததால் மீண்டும் மீண்டும் காயப்படுவதால் நடக்கிறது என்று கண்டறிந்தார். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று மருத்துவமனை வாசல்களில் விற்கும் மென்ரப்பர் செருப்பு அந்த வேலூர்க் காலத்துப் பணியோடு சேர்ந்தது. 1966-இல் அவர் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கேதான் தொழுநோய்ப் பாதத்தின் பாடம் சர்க்கரை நோய்ப் பாதத்துக்குப் பொருத்தப்பட்டது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அளவு நிர்ணயித்ததும் அங்கேதான். வேலூரில் தொடங்கிய ஒரு சிந்தனை உலகம் சுற்றி, இன்று ஆரம்ப சுகாதார நிலைய மேசை இழுப்பறைக்கு ஒரு நைலான் இழையாகத் திரும்பி வந்திருக்கிறது. இழுப்பறையை விட்டு அது வெளியே வருகிறதா என்பது வேறு விஷயம்.

அந்த இழையை உணராத பாதம் யாருடையதோ, அவருக்குத் தைப்பூசப் பாதயாத்திரை ஆபத்து. நண்பகலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல் ஆபத்து. வயலில் வெறுங்காலோடு இறங்குவது ஆபத்து. “செருப்பில்லாமல் நடக்காதீர்கள்” என்று அச்சடித்த துண்டறிக்கைக்கு இங்கே வேலை இல்லை. கோயிலுக்குள் செருப்புப் போட முடியாது, வேண்டுதலை மாற்ற முடியாது. விவரம் தெரிந்த செவிலியர் சொல்வது வேறு: அதிகாலையில் போங்க, உள்ளே தடிமனான பருத்திச் சாக்ஸ் போடுங்க, ராத்திரி படுக்கும் முன் பேத்தியை விட்டு அடிப்பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்க. கொப்புளம் கண்ட அன்றே வந்துவிட்டால் கால் தப்பும். பத்து நாள் கழித்து நாற்றம் வந்த பிறகு வந்தால் விரலோ காலோ போகும். இந்தியா, இலங்கை, வங்கதேசம், தான்சானியா ஆகிய நாடுகளில் 2000-களில் நடந்த ‘படிப்படியாக’ என்ற பாதப் பராமரிப்புத் திட்டம் மருத்துவரையும் செவிலியர் போன்ற இன்னொரு பணியாளரையும் ஜோடியாக அழைத்தே பயிற்சி தந்தது. மருத்துவர் மட்டும் கற்றுக்கொண்டு போனால் பாதம் பார்க்கும் வேலை ஊரில் தொடராது என்பதைத் தெரிந்துகொண்டு செய்த ஏற்பாடு.

இதுவரை சொன்னதெல்லாம் நோய் வந்தவர்களுக்கு. வருவதைத் தடுப்பதில் செவிலியருக்கு என்ன பங்கு?

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்றது ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, 2023-இல். வாசலில் நிற்பவர்களை நிறுத்த முடியும் என்பதற்கு வலுவான சான்றுகளில் ஒன்று சென்னையிலிருந்தே வந்தது. ஏ. ராமச்சந்திரனின் குழு 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்றாண்டுக் காலக் கணக்கில் பின்தொடர்ந்தது. முடிவுகள் 2006-இல் வெளியாயின. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். உணவு, நடை பற்றித் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5. இரண்டும் சேர்த்துக் கிடைத்தவர்களில் 39.5. அதாவது தொடர்ந்து பேசுவதற்கு ஒரு மாத்திரை அளவுக்குச் சக்தி இருந்தது. வழிகாட்டப்பட்டவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். “மூணு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கலை” என்று நடையை நிறுத்திவிடப் பார்க்கும் பெண்மணியிடம் செவிலியர் எடுத்துக்காட்ட வேண்டிய செய்தி இதுதான்: எடை இறங்காவிட்டாலும் பலன் உள்ளே நடக்கிறது.

யாரோடு பேச வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு அளவு நாடா போதும். வி. மோகனின் குழு சென்னையில் உருவாக்கி 2005-இல் வெளியிட்ட இந்தியச் சர்க்கரை அபாயக் கணக்கு வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் இருக்கிறதா ஆகிய நான்கை மட்டும் கேட்கிறது. நூற்றுக்கு 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வயதுக்கே 30. உடற்பயிற்சியும் இல்லாமல் உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு இன்னொரு 30. ரத்தத்தில் ஒரு துளிகூட எடுக்காமல், திண்ணையில் உட்கார்ந்தபடி கிராம சுகாதார செவிலியரால் போட முடிகிற கணக்கு.

கிராம சுகாதார செவிலியரின் கையில் இதைவிட நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று தமிழ்நாடு அரசு 2007-இல் ஆணையிட்டது, வி. சேஷய்யாவின் விடாமுயற்சி அதன் பின்னால் இருந்தது. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது; 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. பஸ் பிடித்து வரும் பெண்ணுக்கு ஏற்ற முறை. ஆனால் பரிசோதனையின் நோக்கமே அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஆறாவது வாரத்தில் அவள் தாய் வீட்டில் வேறு மாவட்டத்தில் இருக்கிறாள். குழந்தைக்குத் தடுப்பூசி போட வருகிறாள், தனக்காக வருவதில்லை. தடுப்பூசி நாளில் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மாவுக்கும் ஒரு டம்ளர் குளுக்கோஸ் கொடுத்து உட்கார வைக்க முடிகிற ஆள் செவிலியர்தான்.

இந்த இடத்தில் உற்சாகத்தைச் சற்று அடக்க வேண்டும். எல்லாப் பாடமும் பலிப்பதில்லை. கேரளத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரோடு நடந்த சர்க்கரைத் தடுப்பு ஆய்வு, உள்ளூர்க்காரர்களையே குழுத் தலைவர்களாக்கிக் கூட்டம் நடத்தியது. இரண்டாண்டு முடிவில் கூட்டம் நடத்திய பக்கம் 14.9, நடத்தாத பக்கம் 17.1 சதவீதம் பேருக்கு நோய். புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களிடம் பிரசவத்துக்குப் பின் நடத்திய ஆய்விலும் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் புதிதாக நோய் கண்டவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்திய டெஸ்மண்டு ஆய்வில் எடையும் புகைப்பழக்கமும் குறைந்தன. எச்பிஏ1சியில் ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

மாறாகச் சென்னையில் 578 பேரோடு நடந்த டி-கிளிப் ஆய்வு மூன்றாண்டில் நோயை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடுத்தது. அங்கே வாரம் ஒன்றாகப் பதினாறு வகுப்பு, பிறகு மாதாந்தரத் தொடர்ச்சி; அப்படியும் சர்க்கரை மேலே நின்றவர்களுக்கு மெட்ஃபார்மின். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பத்து மருத்துவமனைகளில் 1,146 நோயாளிகளோடு நடந்த கார்ஸ் ஆய்வில், மருத்துவரல்லாத ஓர் ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு நோயாளியையும் விடாமல் தொடர்ந்தார். கணினி மருத்துவருக்கு அடுத்த அடியை நினைவூட்டியது. சர்க்கரையோடு ரத்த அழுத்தமோ கொழுப்போ சேர்ந்து கட்டுக்குள் வந்தவர்கள் 18.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 8.1. இந்த வெற்றி தோல்விகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இரண்டு. பேசும் நேரம் சேர வேண்டும், அதை நிறுத்தவே கூடாது. பேச்சோடு மருந்தும் கைகோத்துப் போக வேண்டும். தனியாக விட்ட பேச்சு சீக்கிரம் களைத்துப்போகிறது.

தமிழ்நாட்டிடம் இதற்கான அமைப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007-இல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்த் தடுப்புக்கும் முன்னோட்டம் நடந்தது. 2012-இல் தொற்றாநோய்த் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அதற்கென்றே என்.சி.டி. செவிலியர்கள் வந்தார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளி என்று விழா எடுத்தார்கள், 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. பலன் எண்ணிலும் தெரிகிறது: 2020-ஆம் ஆண்டு மாநில ஆய்வில் சர்க்கரை உள்ளவர்களில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது, அடுத்த சுற்றில் அது 17 சதவீதத்தை நெருங்கியது.

மாத்திரை வீடு தேடி வந்ததில் ஒரு பக்கவிளைவும் உண்டு. மாதம் ஒருமுறை நோயாளி நிலையத்துக்கு வந்து செவிலியரின் எதிரே நின்ற அந்தச் சில நிமிடமும் இல்லாமல் போகிறது. தன்னார்வலர் உள்ளூர்ப் பெண், நல்ல துணை. ஆனால் வயிற்றைத் தடவிக் கட்டி கண்டுபிடிக்கவும் பாதத்தில் இழை வைத்துப் பார்க்கவும் அவருக்குக் கிடைக்கும் குறுகிய பயிற்சி போதாது. திட்டம் கணக்கில் வைப்பது எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதை. அதைக் கணக்கில் ஏற்றும் வேலை செவிலியருடையது. நோட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்றி, பிறகு மாவட்டம் கேட்கும் படிவத்திலும் நிரப்பியாக வேண்டும். இடையில் பிரசவ அறையில் ஆளில்லை என்றால் அங்கே போக வேண்டும். தடுப்பூசி முகாமுக்கும் போக வேண்டும். மாதம் ஒரு புதன்கிழமை காலை இரண்டு மணி நேரம், பதினைந்து நோயாளிகளைச் சேர்த்து உட்கார வைத்து, சிரிஞ்சும் நைலான் இழையும் ஒரு தட்டு சோறும் நடுவில் வைத்துப் பாடம் நடத்தினால் ஓராண்டில் 24 மணி நேரம் சேர்ந்துவிடும். நோரிஸ் குழுவின் கணக்கு இவ்வளவு சிறிய ஏற்பாட்டில் தேறுகிறது. குறுக்கே நிற்பது அந்த இரண்டு மணி நேரத்தை வேறு யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் காப்பாற்றும் ஓர் ஆணை இல்லாததுதான்.

அந்த ஆணையை நிறைவேற்றப்போகிற செவிலியரின் நிலையையும் பார்க்க வேண்டும். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி வந்த ஒப்பந்தச் செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் நடத்திய போராட்டம் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு ஆண்டில் எந்த ஊருக்கு மாற்றப்படுவோம், வேலை நிரந்தரமாகுமா என்று தெரியாதவரிடம், ஒரே நோயாளியைப் பத்தாண்டு தொடர்ந்து பாருங்கள் என்று கேட்கிறோம். இலங்கை இதில் ஓர் அடி முன்னே வைத்தது. அங்கே இலங்கை மருத்துவச் சங்கம் உலக சர்க்கரை நோய் அறக்கட்டளையோடு சேர்ந்து நடத்திய ‘நிரோகி லங்கா’ திட்டத்தில், சர்க்கரை நோய்க் கல்விக்கென்றே தாதிய உத்தியோகத்தர்கள் தனியாகப் பயிற்றுவிக்கப்பட்டார்கள்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. வயிற்றில் கட்டி விழுந்த இடத்திலேயே குத்திக்கொண்டிருந்தவரைச் செவிலியர் கண்டுபிடித்து, “நாளையிலிருந்து இந்தப் பக்கம் போடுங்க” என்று இடத்தை மாற்றச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புது இடத்தில் மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேரும். இதுவரை பாதி வீணான மருந்து இப்போது முழுசாக வேலை செய்யும். அளவைக் குறைக்காவிட்டால் அன்றிரவே லோ சுகர். பாடம் சொன்னவரே அளவையும் குறைத்தாக வேண்டிய இடம் இது. இங்கிலாந்தில் தகுதிபெற்ற செவிலியர்களால் 2006-இலிருந்து தாங்களே மருந்து எழுதவும் மாற்றவும் முடிகிறது. ஆரம்ப சிகிச்சையில் மருத்துவரின் இடத்தில் செவிலியரை வைத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு, நோயாளிகளுக்குக் கிடைக்கும் பலன் மருத்துவர் பார்ப்பதற்குச் சமம் அல்லது சற்று மேல் என்றது. செவிலியர் எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் கூடுதல் என்றும் சொன்னது. நம் நிலையத்தில் அந்தச் செவிலியர் இரண்டு யூனிட்டைக்கூடக் குறைக்க முடியாது. நோட்டில் குறித்து, நோயாளியை மறுபடி ஓ.பி. வரிசைக்கு அனுப்ப வேண்டும். வரிசையின் முனையில் இருப்பவருக்கு அவரைப் பார்க்க 2 நிமிடம் இருக்கிறது. சீட்டில் தெரிவது அவருடைய சர்க்கரை 280 என்பது மட்டுமே. கட்டி கண்டதையும் இடம் மாற்றியதையும் செவிலியரின் குறிப்பிலிருந்து படிக்காமல் விட்டால் அவர் அளவைக் கூட்டித்தான் எழுதுவார்.